மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று: கையடக்க ஜீபிஎஸ் தேடிய கதை

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் சொன்னது இது: "கடல் அப்பிடியே கிடக்கு தம்பி. கரையைத்தான் காணேல்லை."

துக்கத்தில் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது தொழில் பேச்சும்கூட. மாமா கடலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் யாரிடமும் கருவி கிடையாது. கரையில் நிற்கும் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் கொண்டு வருவார்கள். கோயில் முகடும் அதற்குப் பின்னால் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்று சேர வேண்டும். பக்கவாட்டில் இன்னும் இரண்டு: சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கியும் ஒரு மாடி வீட்டின் மூலையும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கடலுக்கடியில் கல்லு இருக்கும், கல்லில் மீன் இருக்கும். இந்தக் கோடுகளை அவருக்கு அவருடைய தகப்பன் காட்டிக் கொடுத்தார். 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்து 27 வருடம் கழித்துத் திரும்பி வந்தால் பனை இல்லை, மாடி வீடு இல்லை, கோயில் முகடும் பழைய முகடு இல்லை. மனதில் இருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நுனி அறுந்து போயிருந்தது.

அதனால் அறுபதை நெருங்கும் வயதில் அவர் இடங்களைப் புதிதாகத் தேடத் தொடங்கினார். கூடப் போகிறவர்களின் ஜீபிஎஸ் கருவியில் அந்த இடத்தின் ஆள்கூற்று எண்ணைப் பார்த்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொள்வார். போன வருடம் சோளகக் காற்று எழும்புவதற்கு முன்பு ஒரு நாள், "எனக்கும் உப்பிடி ஒண்டு எடுத்துத் தா" என்று கேட்டார். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடக்க இருந்தேன். சுண்டிக்குளம், மணற்காடு, நெடுந்தீவு என்று பறவை பார்க்கப் போகிற பழக்கமும் உண்டு. சரி, இரண்டு பேருக்கும் ஒரே கருவியாகப் பார்த்து வாங்கிவிடலாம் என்று தொடங்கினேன். ஒரே கருவி இரண்டு பேருக்கும் பொருந்தாது என்று விளங்குவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் பார்த்ததையும் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்பது. நியாயமான கேள்வி. றோட்டு வழியே பயணம் செய்கிறவருக்கு, ஊர் பார்க்கப் போகிறவருக்குக் கைப்பேசியே காணும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜீபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. செய்மதியிலிருந்து வருவது வானொலி போல ஒருவழிச் செய்தி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த மெல்லிய குரலைக் கைப்பேசியும் கேட்கும், டேட்டா வேண்டியதில்லை. டேட்டா இருந்தால் செய்மதிகளின் நிலைப் பட்டியலை இணையத்தில் எடுத்து உடனே இடத்தைப் பிடிக்கும். இல்லாவிட்டால் அந்தப் பட்டியலை வானத்திலிருந்தே வாங்க வேண்டும். அது வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வரும், அதனால் சிறிது நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கிற ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மான்ட் போன்ற செயலிகள் இலவசம். நெடுந்தீவில் பவளக்கல் மதில்களுக்கு நடுவே, எந்த ஒழுங்கையும் மற்ற ஒழுங்கையைப் போலவே இருக்கிற இடத்தில், பெருக்க மரத்தடிக்கு எனக்கு வழி காட்டியது கைப்பேசிதான்.

ஆனால் அதே கைப்பேசியை மணற்காட்டு மணல்மேட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே எடுத்தேன். வெள்ளை மணலில் வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது. வெளிச்சத்தை முழுவதும் கூட்டினேன். கால் மணி நேரத்தில் சூடேறி, ஆறவிடும்படி எச்சரிக்கை போட்டுத் திரையை மங்கலாக்கிவிட்டது. கடலில் இன்னும் மோசம். நனைந்த விரலைத் தொடுதிரை விரலாகவே எண்ணாது, உப்புத் தண்ணீர்த் துளி விழுந்தால் அதை விரலென்று எண்ணும். மாமா அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினார்.

கையடக்கக் கருவிகளின் திரை வேறு வகை. வெளிச்சத்தைத் தானே உமிழ்வதை விட, மேலே விழும் வெயிலைத் திருப்பி அனுப்பிக் காட்டும். வெயில் கூடக் கூடத் தெளிவும் கூடும். அறைக்குள் வைத்துப் பார்த்தால் மங்கலாக, பழைய காலத்துச் சாமான் போல இருக்கும். கடைக்குள் நின்று பார்த்து இதைத் தள்ளிவிடாதீர்கள். வெளியே எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

நண்பர்கள் இருவரிடம் இரண்டு கருவிகளை இரவல் வாங்கினேன். பறவை பார்க்கிற நண்பரிடம் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், நில அளவை வேலை செய்கிற நண்பரிடம் அதே நிறுவனத்தின் ஜீபிஎஸ்மேப் 65எஸ். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் மாமாவோடு படகில் போனேன். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போய் இஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

22எக்ஸ் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மேலே வலது மூலையில் ஒரு சின்னக் குமிழ், அதைப் பெருவிரலால் நாலு பக்கமும் தள்ள வேண்டும், அழுத்திப் பிடித்தால் இடம் பதிவாகும். என் விரலுக்கு அது இலகு. மாமாவின் பெருவிரல் நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்துத் தடித்த விரல், அன்று மீன் செதிலும் ஒட்டியிருந்தது. அவர் மேலே தள்ள நினைத்தால் அது பக்கத்துக்குப் போயிற்று. நாலாவது முறை கருவியை மடியில் வைத்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். 65எஸ் சற்றுப் பெரியது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொத்தான். இடத்தைப் பதிய ஒன்று, தேடிப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. இரண்டு நிமிடத்தில், "இதை அமத்தினா இடம் விழும், அதை அமத்தினாப் பட்டியல் வரும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இஞ்சின் நின்று படகு ஓட்டத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, கரையில் குறித்த இடத்துக்கான அம்புக்குறி 22எக்ஸில் சுற்றிக்கொண்டே இருந்தது, 65எஸில் அசையாமல் நின்றது. காரணம் எளிது. 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நகரும்போது முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் வைத்துத் திசையைக் கணக்கிடும், நின்றால் அதற்குத் திசை தெரியாது. அது பழுதல்ல, விலை குறைய வேண்டும் என்று விடப்பட்ட வசதி. அதன் அண்ணன் 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் உண்டு. காட்டுப் பாதையில் நடந்துகொண்டே இருக்கிறவருக்கு இது பெரிய வேறுபாடு இல்லை. இருட்டில் இஞ்சினை அணைத்துவிட்டு வலையின் மிதவையைத் தேடுகிறவருக்கு இதுதான் எல்லாம்.

காற்றழுத்தமானியைப் பற்றி ஒரு சொல். மலை ஏறுகிறவர்கள் உயரம் அறிய அதைக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் உயரமென்று எதை அளப்பது? ஆனால் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் புயலை முன்கூட்டி உணரலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது பட்டதை நாங்கள் மறக்கவில்லை. அழுத்த வரைபடத்தை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தேன். தினமும் பின்னேரம் நாலு மணியளவில் அழுத்தம் இறங்குகிறது, இரவு பத்து மணியளவில் ஏறுகிறது, விடியப்புறம் திரும்ப இறங்கிக் காலை பத்துக்கு ஏறுகிறது. வெப்பமண்டலத்தில் வானம் நாளுக்கு இரண்டு முறை இப்படி மூச்சு விடுகிறது. இது தெரியாமல் பின்னேர இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்து மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் வானிலை அறிவித்தலைக் கேட்டே முடிவெடுங்கள்.

அடுத்தது பற்றரி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், அதற்குக் காரணமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. செத்த பற்றரியை வெயிலில் காய வைத்து இன்னும் பத்து நிமிடம் உயிர் வாங்குவோம். அந்தப் பிள்ளைப் பருவம் உள்ளவனுக்கு, கழற்ற முடியாத பற்றரி உள்ளே ஒட்டப்பட்ட எந்தக் கருவியைப் பார்த்தாலும் மனம் ஒப்பாது. பழைய கதை என்று சொல்வீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அது பழைய கதை இல்லையே.

சரி, எண்களைப் பார்ப்போம். 22எக்ஸும் 32எக்ஸும் இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. 65எஸ் 16 மணி நேரம். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்ஈ அதே இரண்டு ஏஏ பற்றரியில் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். அதே வருடம் வந்த ஈட்ரெக்ஸ் சோலார் 200 மணி நேரம், நல்ல வெயிலில் வைத்தால் அதற்கும் மேல். ஜீபிஎஸ்மேப் 67 ஒரு தடவை சார்ஜில் 180 மணி நேரம். சோலாரிலும் 67இலும் பற்றரி உள்ளேயே சார்ஜ் ஆகும் வகை. உகந்தையிலிருந்து கதிர்காமம் ஐந்தாறு நாள் நடை, குமுக்கன் ஆற்றைத் தாண்டினால் பிளக் என்ற பேச்சே கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போட்டாலும் அறுபது மணி. 65எஸுக்கு நாலு சோடி பற்றரி சுமக்க வேண்டும், 22எக்ஸுக்கு மூன்று சோடி, எஸ்ஈக்கு உள்ளே இருப்பதே போதும்.

ஏஏ என்றால் எதுவும் சரி என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்கடையில் கிடைக்கிற மலிவான துத்தநாகக் கரி பற்றரி மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும்தான் சரி, ஜீபிஎஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். அவசரத்துக்கு உதவும் என்பதே அதன் மதிப்பு. தினப்பாட்டுக்குச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் நல்லது. அமைப்பில் பற்றரி வகையை மாற்றிவிட வேண்டும். அதன் அழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண பற்றரி 1.5. மாற்றாவிட்டால் நிறைந்த பற்றரியையும் பாதி என்றே காட்டும். இன்னொன்று, நெடுநாள் பாவிக்காமல் வைப்பதானால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் பற்றரி கசிந்தால் உள்ளிருக்கும் வில்லுக் கம்பியைத் தின்றுவிடும். என்னுடைய பழைய கருவி அப்படித்தான் செத்தது.

வரைபடம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிச் சாமான் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெட்டியில் வருகிறது. மச்சாள் ரொறொன்ரோவில் ஒன்றை வாங்கி அனுப்பத் தயாராக இருந்தாள். அங்கே விற்கிற கருவியில் வட அமெரிக்கப் படம் இருக்கும், ஐரோப்பாவில் விற்கிறதில் ஐரோப்பியப் படம். இங்கே கொண்டு வந்து திறந்தால் இலங்கை கிட்டத்தட்ட வெறும் கரைக்கோடுதான். கவலைப்பட வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து கார்மின் வடிவத்தில் செய்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் இறக்கி, மைக்ரோ எஸ்டி அட்டையில் கார்மின் என்ற பெயருள்ள கோப்புறைக்குள் போட்டுக் கருவியில் செருகினால் போதும். வன்னியில் சின்னச் சின்னக் குளங்கள்கூட அதில் இருந்தன. எஸ்ஈயிலும் சோலாரிலும் இந்த வசதி இல்லை. அவை கறுப்பு வெள்ளைத் திரையில் புள்ளியையும் தடத்தையும் காட்டும், படம் போட இடமில்லை.

துல்லியம் என்று வந்தால் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, பிழை நூறு மீட்டர் வரை போகும். அதை நிறுத்திய இரவிலிருந்து இன்றுவரை, திறந்த வெளியில் எந்தக் கருவியும் ஐந்து பத்து மீட்டருக்குள் காட்டும். வலையின் மிதவையைக் கண்டுபிடிக்க அது போதும். இப்போது ஜீபிஎஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ என்று கூடுதல் செய்மதிகளையும் கேட்கிறார்கள். 65எஸ், 67, சோலார் ஆகியவை ஒரே செய்மதியை இரண்டு அலைவரிசையில் கேட்கும்: எல்1, எல்5. இது எங்களுக்கு எவ்வளவு தேவை?

ஓரளவு தேவை, அதுவும் எங்கள் ஊர் இருக்கும் இடத்தால். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியருகே போகிறது. அதனால்தான் 1963இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தார்கள். அந்தக் கோட்டுக்கு அருகே மேல்வளி மண்டலத்தில் மின்னேற்றம் அடர்த்தி. செய்மதிச் சமிக்ஞை அதைக் கடக்கும்போது தாமதிக்கிறது, தாமதம் தூரப் பிழையாகிறது. இரண்டு அலைவரிசைகள் வெவ்வேறு அளவில் தாமதிப்பதால் ஒப்பிட்டுப் பார்த்து அந்தப் பிழையைக் கழிக்கலாம். பொழுது பட்ட பிறகு இன்னொரு தொல்லை. அந்த மண்டலம் கொதிநீர் போலக் குமிழியிடும், சமிக்ஞை மினுங்கும், சில செய்மதிகள் கைவிட்டுப் போகும். அதற்கு இரண்டு அலைவரிசை மருந்தல்ல, கூடுதல் செய்மதிகள்தான் உதவும். மாமா கடலில் இறங்குவது பொழுது படும் நேரத்தில். அதனால் எல்லாச் செய்மதித் தொகுதிகளையும் திறந்து வையுங்கள் என்று சொல்வேன், பற்றரி கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. இரண்டு அலைவரிசைக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன். முல்லைத்தீவுப் பக்கத்து அடர்காட்டுக்குள் வேலை செய்கிறவர் என்றால் வேறு கதை.

உண்மையில் எங்களை ஒரு முறை அலைய வைத்தது செய்மதிப் பிழை அல்ல. மாமாவின் கூட்டாளி ஒருவர் தன் வலை கிடக்கும் இடத்தைக் கைப்பேசியில் சொன்னார்: "ஒன்பது, ஐம்பத்தாறு, ஐம்பது." நான் என் பழைய கருவியில் போட்டேன், போனோம். மிதவை இல்லை. இருட்டில் இரண்டு மணி நேரம் சுற்றினோம். அவர் சொன்னது 9 பாகை 56.50 கலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). என் கருவி பாகை, கலை, விகலை என்ற அமைப்பில் இருந்தது, நான் போட்டது 9 பாகை 56 கலை 50 விகலை. அரைக் கலை என்றால் 30 விகலை. மீதி 20 விகலை, ஒரு விகலைக்குச் சுமார் 31 மீட்டர், ஆக 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளி நின்று தேடியிருக்கிறோம். அந்த இரவில் காற்று இல்லை, நல்ல காலம். அன்றிலிருந்து யாரிடம் எண் வாங்கினாலும் "புள்ளி ஐம்பதோ, விகலை ஐம்பதோ?" என்று கேட்காமல் விடுவதில்லை. கருவி வாங்கியதும் முதல் வேலையாக உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் பாவிக்கிற அமைப்பு எதுவோ அதற்கே மாற்றுங்கள். கடலில் பெரும்பாலும் கலைக்குப் பின் தசமம்தான்.

இதே மாதிரிப் பொறி பழைய நில அளவைப் படங்களிலும் உண்டு. அப்பாவிடம் இருந்த, ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் படத்தின் ஆள்கூற்றை அப்படியே கருவியில் போட்டுப் பார்த்தேன், 200 மீட்டருக்கு மேல் விலகிற்று. அந்தப் படங்கள் கண்டவல என்ற பழைய அளவைத் தளத்தில் வரைந்தவை, ஜீபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொதுத் தளத்தில். கார்மின் கருவிகளின் பட்டியலில் கண்டவல என்ற பெயரே இருக்கிறது, அதைத் தெரிவு செய்தால் சரியாகும். வேலை முடிந்ததும் திரும்ப மாற்றி வைக்க மறக்க வேண்டாம்.

இந்தியாவுடனான கடல் எல்லைக் கோடு பற்றி மாமா ஒன்று கேட்டார். 1974 ஒப்பந்தத்தில் பாக்கு நீரிணைக்கு ஆறு புள்ளிகள் குறித்திருக்கிறார்கள். முதலாவது வட 10 பாகை 05 கலை, கிழ 80 பாகை 03 கலை, மயிலிட்டிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே. மூன்றாவது வட 9 பாகை 40.15 கலை, கிழ 79 பாகை 22.60 கலை. அதிலும் கலைக்குப் பின் தசமம்தான், பாருங்கள். ஆறையும் போட்டு ஒரு வழித்தடமாகச் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் மாமாவுக்கு அந்தக் கோடு தான் தாண்டாமல் இருப்பதற்கு மட்டும் தேவையில்லை. இரவில் கோட்டைத் தாண்டி வரும் இழுவைப் படகு வலைக்கு மேலால் போய்விட்டால் விடியும்போது மிதவை ஒரு பக்கம், அறுந்த வலை ஒரு பக்கம். இங்கே இழுவை மடி 2017இலிருந்து சட்டப்படி தடை. முறைப்பாடு எழுதும்போது "எந்த இடத்தில்?" என்ற கேள்விக்கு இதுவரை அவரிடம் கையால் காட்டுகிற பதில்தான் இருந்தது. வலை விட்ட நேரமும் இடமும் கருவியில் பதிவாகி இருந்தால் அது எழுத்தில் நிற்கும். ஒரு வலை என்பது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு படகிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆபத்தில் செய்தி அனுப்பும் கருவிகளையும் பார்த்தேன். ஜீபிஎஸ்மேப் 67i, இன்ரீச் மினி 2 போன்றவை இரிடியம் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும், மாதச் சந்தா கட்ட வேண்டும். நல்ல சாமான், ஆனால் கேட்பது மட்டும் செய்யும் கருவி வேறு, ஒலிபரப்பும் கருவி வேறு. ஒலிபரப்புவதற்கு நாட்டுக்கு நாடு அனுமதி வேண்டும். இங்கேயும் வாங்குவதற்கு முன் கேட்டுத் தெளிவது நல்லது. சிதம்பரம், வேளாங்கண்ணி என்று இந்தியாவுக்குப் போகிறவர்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு போகவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை அங்கே விமான நிலையத்தில் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் மாமாவுக்கு வாங்கியது ஜீபிஎஸ்மேப் 79எஸ். பொத்தான்கள் திரைக்கு மேலே இருக்கின்றன, திரை பெரியது, திசைகாட்டி உண்டு, ஏஏ பற்றரி. எல்லாவற்றையும் விட, கடலில் விழுந்தால் மிதக்கும். 65எஸை அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது மூழ்கும். ஐபிஎக்ஸ்7 என்ற முத்திரைக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், அதற்குக் கீழே போய்விட்டால் தாங்கி என்ன பயன்? அந்தச் சோதனை உப்புத் தண்ணீருக்குமல்ல. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர விட வேண்டும். யூஎஸ்பி துளையின் இறப்பர் மூடியை ஈரக் கையால் திறக்கவே கூடாது.

எனக்கு ஈட்ரெக்ஸ் எஸ்ஈ. அறிமுகமானபோது 150 அமெரிக்க டொலர், 67இன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. படம் இல்லாதது குறைதான். அதற்குக் கைப்பேசியைப் பையில் அணைத்து வைத்துக்கொண்டு, இரவு ஒரு முறை மட்டும் திறந்து பார்த்தேன். காட்டில் எனக்குத் தேவைப்பட்டது படமல்ல, அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்ற ஒரு எண். நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று முன்கூட்டியே புள்ளிகள் போட்டிருந்தேன். கூட வந்த பெரியம்மா அரை மணிக்கு ஒருக்கால், "இன்னும் எவ்வளவு ராசா?" என்பார். எண்ணைச் சொல்வேன். நாலு கிலோமீட்டர் என்று தெரிந்தால் போத்தலில் இருப்பதில் ஒரு மிடறு குடிப்பார், ஒன்பது என்றால் நாக்கை நனைத்துவிட்டு மூடி வைப்பார். பளைக்கும் முகமாலைக்கும் பக்கம் போகும்போது வேறு பயன். கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் அங்கே உண்டு. பலகையை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது, பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும். திரும்பும்போது வந்த தடத்தின் மேலேயே அடி வைத்து வர எஸ்ஈ உதவும்.

கருவி வந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் வாசிக்க நான் போட்டேன், 43 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். கருவியில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் அடிக்கட்டுமா என்று கேட்டேன், யோசித்தார். "வேண்டாம், எண்ணைப் போடு" என்றார். அப்புறம் கொப்பியைத் திருப்பி வாங்கி, கருவியில் 1, 2, 3 என்று நான் போட்டுக்கொண்டு போக, அவர் தன் எழுத்தில் அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டு வந்தார். 17ஆம் எண்ணுக்கு நேரே "ஐயாவின் கல்லு" என்று இருந்தது. தகப்பன் காட்டிய இடங்களில் புகைபோக்கியை மட்டும் வைத்துத் திரும்பக் கண்டுபிடித்த ஒன்று அது ஒன்றுதான் என்றார்.